திக்கிப் பேசப் பழகினேன்

எனக்குத் திக்குவாய் என்பது என் உறவினர்களில் பலருக்கு வெகுகாலம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் அதிகம் பேசாத பெண் என்பதுதான். கல்யாண வீடுகளில் அத்தைமார் என்னைக் காட்டி, "இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமான பிள்ளைய பாக்க முடியுமா" என்று தங்கள் மகள்களுக்குப் புத்தி சொல்வார்கள். ஓர் ஆண் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஏது என்று யாராவது விசாரிப்பார்கள். ஒரு பெண் அப்படி உட்கார்ந்திருந்தால் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பாராட்டுக்குள் நான் வசதியாகவே ஒளிந்திருந்தேன். தன் இயல்போடு வாழத் துணிச்சல் வேண்டும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏளனத்தைத் தாங்கும் துணிச்சலையே மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். எனக்கு ஏளனம் அவ்வளவு பெரிய பாடாக இருக்கவில்லை. நான் அல்லாத ஒருத்திக்கு என் பெயரில் கிடைத்துக்கொண்டிருந்த நற்பெயரை விட்டுக்கொடுப்பதற்குத்தான் அதிகத் துணிவு தேவைப்பட்டது.

ஒளிவது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது மட்டும் என்று நினைக்க வேண்டாம். அதில் உழைப்பு அதிகம். திக்குகிறவர்களில் பலருக்கு, எந்தச் சொல் மாட்டிக்கொள்ளப் போகிறது என்பது அந்தச் சொல் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். எனக்கு மகரமும் வகரமும் ஆகாது. எனவே வியாழக்கிழமை என்பது என் வாயில் 'புதனுக்கு அடுத்த நாள்' ஆகும். மாமா முறை உள்ளவர்களை உறவு சொல்லி அழைக்காமல், அவர்கள் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து பேச்சைத் தொடங்குவேன். மல்லிகை பிடித்திருந்தும் பிச்சிப்பூவே கேட்டு வாங்கினேன். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து முருகன்குறிச்சிக்குப் போக வேண்டியவள், அடுத்து வரும் பாளை பஸ் ஸ்டாண்டுக்குச் சீட்டு எடுத்துவிட்டு முன்னதாகவே இறங்கிவிடுவேன். 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது எல்லோரும் பேருந்துக் கட்டணம் மிச்சம் என்றார்கள். எனக்கு, போகாத ஊருக்குக் கொடுத்துவந்த காசும் சேர்த்து மிச்சமானது. இப்படி எந்தச் சொல்லுக்கும் ஒரு மாற்றுச் சொல் கிடைத்தது. சொந்தப் பெயருக்கு மட்டும் மாற்று இல்லை. என் பெயர் மகரத்தில் தொடங்குவதால், புதியவர்கள் கேட்டால் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிவைத்தேன். ஒரே தெருவில் என்னை இரண்டு பெயரில் அறிந்தவர்கள் இருந்தார்கள்.

சிறு வயதில் வைத்தியம் நடக்காமல் இல்லை. ஆச்சி வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி நாக்கில் தடவினார். கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசச் சொன்னார்கள். ஐந்து வயதுவரை ஊமையாக இருந்த குமரகுருபரர் பேசத் தொடங்கிய சன்னிதி என்பதால் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடலில் குளித்ததும் நாழிக்கிணற்றில் குளித்ததும் எனக்கு இன்றும் இனிமையான நினைவுகள். திக்கல் மட்டும் கூடவே ஊர் திரும்பியது. இவற்றுக்காக யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. பயந்த பிள்ளை, அவசரப்படும் பிள்ளை, அதனால் திக்குகிறது என்றே அவர்கள் நம்பினார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், மூளையில் பேச்சை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் வளர்ச்சியில் உள்ள வேறுபாட்டால் தொடங்குகிறது. பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. பயம் பிறகு வந்து சேர்ந்து அதைக் கூட்டுகிறது. குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் திக்கல் வருகிறது. பெரும்பாலானோருக்கு அது தானாகவே நீங்கி, பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் நிலைக்கிறது. அப்படி நிலைத்தவர்களில் ஆண்கள் பெண்களைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. திக்கும் இன்னொரு பெண்ணை நான் வெகுகாலம் சந்திக்காததற்கு அது ஒரு காரணம். என்னைப்போல் ஒளிந்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பது இன்னொரு காரணம்.

பள்ளியில் வருகைப் பதிவின்போது "உள்ளேன் அம்மா" என்று சொல்ல முடியாமல் நான் நின்றதைப் பார்த்த ஆசிரியை ஒருவர், இனிமேல் கையைத் தூக்கினால் போதும் என்று சொல்லிவிட்டார். இரக்கத்தோடு செய்த காரியம். அன்று எனக்குப் பெரிய நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் என் குரலை யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வேறு ஆசிரியை வந்தபோது, பேசுவது முன்னைவிடப் பன்மடங்கு பயமாகிவிட்டிருந்தது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு என் முடிவுகள் எல்லாமே 'எங்கே பேச்சு குறைவு' என்ற கேள்வியிலிருந்து பிறந்தவை. மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்ததும் அப்படித்தான். சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துக் கொடுக்கிற வேலையில் என்ன பேச்சு இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அந்தப் படிப்பில் எனக்கு எதிர்பாராத ஒன்று கிடைத்தது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'ஜெ' என்று ஓர் அட்டவணை உண்டு. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து உரிமை கொண்டாடக் கூடாது என்ற பட்டியல் அது. வழுக்கை, வெண்குட்டம், நீரிழிவு என்று போகும் அந்தப் பட்டியலில் திக்குவாயும் இருந்தது. என் குறையை அதுவரை யாரும் எனக்கு எதிரில் பெயர் சொல்லிப் பேசியதில்லை; தேர்வுக்கான பாடத்தில் அதை அச்சில் பார்த்தபோது ஒரு விநோதமான ஆறுதல் உண்டானது. திக்கலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரையோ டானிக்கோ எதுவும் இன்றுவரை இல்லை. 'பதினைந்தே நாளில் திக்குவாய் நீங்கும்' என்ற சுவரொட்டியைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்களிடம் நான் இதை மருந்தாளுநராகவே சொல்வேன்.

வேலை நான் நினைத்ததுபோல் இல்லை. அரசு மருத்துவமனை மருந்தகத்தின் ஜன்னலில் நின்றால் காலை முழுவதும் பேச்சுத்தான். அங்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாத்திரை உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து, கோடு போட்டு, நீட்டிவிடுவேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி செய்கிற பொறுப்பான பெண் என்று அங்கும் நற்பெயர் வந்தது.

ஒரு நாள் மூட்டுவாதத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு ஓர் ஆச்சி வந்தார். சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் இருந்தது. இந்த மாத்திரையை மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் இரத்த அணுக்கள் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து உயிருக்கே ஆபத்தாக முடியும். உறையில் கிழமையை எழுதி நீட்டினேன். ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ எழுதிக் குடுத்தா எனக்கு என்ன தாயி தெரியும், வாயால சொல்லு" என்றார். 'வாரத்துக்கு' என்று தொடங்கினேன். கீழுதடு பல்லோடு ஒட்டி நின்றுவிட்டது. சத்தமே வரவில்லை. ஆச்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெனமுந்தான?" என்றார்.

திக்குகிறவர்களின் வாக்கியத்தை மற்றவர்கள் முடித்துவைப்பதும், தப்பித்தால் போதும் என்று நாங்கள் அதற்குத் தலையாட்டிவிடுவதும் வழக்கம். அப்படித் தலையாட்டியே நான் விரும்பாத காபியைக் குடித்திருக்கிறேன், கேட்காத நிறத்தில் துணி எடுத்திருக்கிறேன். இங்கே தலையாட்ட முடியாது. இல்லை என்று தலையை அசைத்து, மாத்திரை அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "வ… வ… வாரத்துக்கு ஒரு நாள். செவ்வாக்கிழமை மட்டும்" என்று சொல்லி முடித்தேன். நேரம் எவ்வளவு ஆனதோ, எனக்கு நீண்டதாகத் தெரிந்தது. "செவ்வா மட்டும், மத்த நாள் கெடையாது" என்று ஆச்சி திருப்பிச் சொன்னார். பிறகு, "இதச் சொல்லவா தாயி இவ்வளவு பாடு" என்று சொல்லிக்கொண்டே மாத்திரையைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்து நின்றவர் தன் சீட்டை ஜன்னலுக்குள் நீட்டினார். வேறு ஒன்றுமே நடக்கவில்லை. என் குரல் வெளியே கேட்டால் என்னென்ன நேரும் என்று பல ஆண்டுகளாகப் பயந்துவந்தவளுக்கு, ஒன்றுமே நடக்கவில்லை என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகுதான் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருந்த ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் போய்ப் பார்த்தேன். எந்த எழுத்துத் திக்குகிறது என்று கேட்பார் என்று எதிர்பார்த்துப் போனேன்; எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறீர்கள் என்று அவர் கேட்டார். ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், தாமும் திக்குவாய் உடையவர், திக்கலைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டதை அவர்தான் விளக்கினார். வெளியே கேட்கும் திக்கல் நீருக்கு மேலே தெரியும் சிறு பகுதி; பயம், கூச்சம், குற்றவுணர்வு, சொல்லை மாற்றிப் போடுவது எல்லாம் கீழே மறைந்திருக்கும் பெரும்பகுதி. என் விஷயத்தில் மேலே தெரிந்தது மிகக் கொஞ்சம். பாறை முழுவதும் நீருக்குள்தான் இருந்தது.

அவர் சொன்ன முதல் பயிற்சி ஒரு குறிப்பேடு. திக்கிய இடங்களை எழுத வேண்டாம், தவிர்த்த இடங்களை எழுதுங்கள் என்றார்: சொல்ல நினைத்தது ஒரு பக்கம், சொன்னது மறு பக்கம். எழுதிப் பார்த்தபோது ஒரு விஷயம் துலங்கியது. இன்று ஒரு தடவைகூடத் திக்கவில்லை, நல்ல நாள் என்று நான் மகிழ்ந்திருந்த நாட்களில்தான் அந்தப் பட்டியல் மிக நீளமாக இருந்தது. எது நல்ல நாள் என்ற கணக்கையே மாற்ற வேண்டியிருந்தது. சொல்ல நினைத்ததைத் திக்கியாவது சொன்ன நாள்தான் நல்ல நாள் என்று வைத்துக்கொண்டேன். எதை மறைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கும் இந்தக் குறிப்பேடு உதவும் என்றே நினைக்கிறேன். நம்மை நாமே எங்கெங்கே அடக்கிக்கொள்கிறோம் என்பது எழுதினால் தவிர தெரிவதில்லை, அவ்வளவு பழகிப்போயிருக்கும்.

இரண்டாவது பயிற்சியைக் கேட்டபோது அவர் வேடிக்கை செய்கிறாரோ என்று தோன்றியது. வேண்டுமென்றே திக்க வேண்டும் என்றார், அதுவும் திக்காத இடத்தில். முதலில் பூக்கடையில் முயன்றேன். பூக்காரம்மா வழக்கப்படி பிச்சியை முழம் போடக் கையில் எடுத்துவிட்டார். "பிச்சி வேண்டாங்க்கா, ம… ம… மல்லி ரெண்டு முழம்" என்றேன். முதல் இரண்டு 'ம' நானாகப் போட்டவை. மூன்றாவது நிஜமாகவே ஒட்டிக்கொண்டது. அவர் முகத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டும், தரையைப் பார்க்கக் கூடாது என்பது கட்டளை. பார்த்தேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, மல்லியை முழங்கையில் அளந்தபடியே, இன்று வரத்துக் குறைவு, விலை கூடுதல் என்றார். அதுவரை வந்தால் என்ன செய்வது என்று நான் பயந்துகொண்டிருந்த ஒன்றை நானே வரவழைத்துப் பார்த்ததில், அதன் மேல் இருந்த பயம் தளர்ந்தது. திக்கலும் பூவைப்போல் நான் கேட்டு வாங்கக்கூடிய ஒன்றாகிவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது மிகை. கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான்.

இந்த முறையைப் பரப்பியவர்களில் ஒருவரான சார்லஸ் வான் ரைப்பரின் கதையை தெரபிஸ்ட் சொன்னார். அவரும் திக்குவாய்க்காரர். இளவயதில் பேச்சிலிருந்து தப்பிக்க, காதும் கேளாத வாயும் பேசாத ஆளாக நடித்து ஒரு பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். பின்னாளில், வயது முதிர்ந்த ஒரு திக்குவாய்க்காரர், தன்னோடு தானே மல்லுக்கட்டும் தெம்பு இனி தனக்கு இல்லை, சொற்களை அவை வருகிறபடி கசிய விட்டுவிடுகிறேன் என்று சொன்னதைக் கேட்டு, திக்காமல் பேச முயல்வதை விட்டுவிட்டு எளிதாகத் திக்கப் பழகுவது என்று முடிவுசெய்தார். 1936இல் மேற்கு மிச்சிகனில் பேச்சு மருத்துவ நிலையத்தைத் தொடங்கியதும் அவரே. இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்குத் திக்கவில்லையா, திக்கிய பைடன் அமெரிக்க அதிபர் ஆகவில்லையா என்று எனக்குப் பலர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அவையெல்லாம் காதோடு போயின. ஊமையாக நடித்த அந்த இளைஞன் மட்டும் என் ஆளாகத் தெரிந்தான்.

வான் ரைப்பரின் முறையில் ஒரு சிறு நுட்பம் எனக்கு இன்றும் கைகொடுக்கிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு முட்டி மோதி அதைச் சொல்லி முடித்துவிட்டால், உடனே அடுத்த சொல்லுக்கு ஓடிவிடாமல் நின்று, உதட்டைத் தளர்த்தி, அதே சொல்லை அவசரமில்லாமல் மறுபடியும் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று ஓடுவதுதான் எங்கள் சுபாவம். அந்த இடத்தில் நிற்பது நாவுக்கான பயிற்சி என்பதைவிட மனத்துக்கான பயிற்சி. பயிற்சிகளை எளிதானதிலிருந்து கடினமானதுக்கு வரிசைப்படுத்திக்கொண்டேன்: பூக்கடை, நடத்துநர், தொலைபேசி, அலுவலகக் கூட்டம், கடைசியாக என் பெயர். தன்னம்பிக்கை வந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்த காலத்தில் அது வரவேயில்லை. பேசிய பிறகு, அதுவும் அந்தந்த இடத்துக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பூக்கடையில் வந்த தைரியம் தொலைபேசிக்குச் செல்லுபடியாகவில்லை. அங்கே மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

முன்கூட்டியே சொல்லிவிடுவது என்பது எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது. "எனக்குத் திக்கும். சொல்லி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க." இந்த இரண்டு வாக்கியத்தை அமைக்கவே எனக்கு நாளாகியது. முதலில் 'மன்னிச்சுக்கோங்க' என்று தொடங்கினேன். அப்படித் தொடங்கினால் எதிரில் இருப்பவர் இரக்கப்படத் தொடங்கிவிடுகிறார், பிறகு நான் சொல்லும் விஷயம் காதில் ஏறுவதில்லை. மன்னிப்பை எடுத்துவிட்டபோது இரண்டும் சரியாயின. எல்லோரிடமும் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மறுபடி மறுபடி சந்திக்கப்போகிறவர்களிடம் தொடக்கத்திலேயே ஒரு முறை சொன்னால் போதும். உடம்புக்கு முடியாத நாளில் கடையில் விரலை நீட்டிக் காட்டிப் பொருள் வாங்கி வருவதும் உண்டு. அதற்காக நான் என்னை நொந்துகொள்வதில்லை.

வீட்டில்தான் விலை கொடுக்க வேண்டியிருந்தது. பெண் பார்க்க வந்த ஒரு வரனிடம் நானே திக்கித் திக்கிப் பேசினேன். பிறக்கும் பிள்ளைக்கும் வருமா என்று அவர்கள் தரப்பில் கேட்டார்கள். குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், கட்டாயம் வரும் என்பதில்லை என்று படித்ததை அப்படியே சொன்னேன். பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. அம்மா பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மறைத்திருந்தால் முடிந்திருக்கும் என்பது அவர் கணக்கு. முடிந்திருக்கும், ஆனால் அதற்குப் பிறகு வாழ்நாளெல்லாம் அந்த வீட்டில் மாமா என்று அழைக்காமல் இருந்திருக்க வேண்டும் என்றேன். பின்னர் வந்த இன்னொருவரிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். "எனக்குக் குறட்டை வரும், அதையும் இப்பவே சொல்லிடுதேன்" என்றார். அவரைத்தான் மணந்தேன்; குறட்டை அவர் சொன்னதைவிட அதிகம். அடக்கமான பிள்ளை என்று சொன்ன அத்தைகளில் ஒருவர், "வேலைக்குப் போனதும் வாயாடி ஆயிட்டா" என்று இப்போது சொல்வதாகக் கேள்வி. முதலில் அது உறுத்தியது. யோசித்துப் பார்த்தால், என்னைப் பற்றி அவர் சொன்னவற்றில் என் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

சிரிக்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். மருந்தக ஜன்னலில் ஓர் இளைஞன் நான் திக்கியதைப்போலவே திக்கிக் காட்டினான். அவனுடைய சீட்டை நீட்டாமல் கையில் வைத்துக்கொண்டு, "முழுசாச் சொல்லி முடிச்சிருதேன், அப்புறம் சிரிங்க" என்று திக்கியே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். வேறு எதுவும் தேவைப்படவில்லை. பதிலுக்குக் கோபப்படவும் தோன்றவில்லை. தொலைபேசியில் இன்றும் சிலர், சத்தம் வராத அந்த இடைவெளியில் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். அதனால் எடுத்தவுடன் ஏதாவது ஒரு சத்தம் கொடுத்து, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று தெரியப்படுத்திவிட்டுப் பேசுகிறேன்.

இப்போது மருந்தகத்துக்கு வரும் தாய்மார்கள் சிலர், என் பேச்சைக் கேட்டுவிட்டு, வரிசை குறைந்ததும் திரும்ப வந்து, என் பிள்ளைக்கும் இப்படி இருக்கிறது என்று மெல்லக் கேட்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, பிள்ளை பேசவே தயங்கத் தொடங்கினாலோ காத்திருக்க வேண்டாம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே பேச்சுப் பயிற்சி உண்டு, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற தெரபிஸ்ட்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். மெதுவாகப் பேசு, மூச்சை இழுத்துவிட்டுப் பேசு என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, அது சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள் என்கிறேன். பெண் பிள்ளையாக இருந்தால் கூடுதலாக ஒன்று கேட்கிறேன்: வீட்டில் அமைதியான பிள்ளை என்று பெயர் வாங்கியிருக்கிறாளா? ஆமாம் என்று பெருமையோடு சொன்னால், அந்தப் பெயரை இன்றே எடுத்துவிடுங்கள் என்று சொல்கிறேன். பள்ளியில் அவளுக்காகப் பேசப் போவதற்கு முன், கையைத் தூக்கினால் போதுமா, அல்லது பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் கொடுத்தால் போதுமா என்று அவளிடமே கேட்டுக்கொண்டு போகும்படியும் சொல்கிறேன்.